ஒற்றைக் குண்டும் சிதறு ரவையும்: கூப்பரின் ‘முன்னோடிகள்’ புதினத்தில் மான் வேட்டை

முன்னுரை

அமெரிக்கப் புதின இலக்கியத்திற்குக் கால்கோள் செய்தோருள் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் (1789–1851) குறிக்கத்தக்கவர். நாட்டி பம்போ என்னும் காட்டு வேட்டுவனைத் தலைமாந்தனாகக் கொண்டு அவர் ஐந்து புதினங்கள் எழுதினார். அவ்வேட்டுவன் அணியும் மான்தோற் காலுறை நோக்கித் ‘தோற்காலுறைக் கதைகள்’ என அவ்வைந்தினையும் ஒருங்கு வழங்குவர். அவற்றுள் முதற்கண் வெளிவந்தது ‘முன்னோடிகள்’ (1823). இறுதியில் வெளிவந்தது ‘மான்கொல்லி’ (1841). எழுதிய முறை வேறு. கதை நிகழும் முறை வேறு. முதல் நூலில் நாட்டி எழுபது வயதினை ஒட்டிய முதியோன். இறுதி நூலில் அவன் இளைஞன். முதுமையை முன்னும் இளமையைப் பின்னும் புனைந்த இம்முறை, ஆசிரியர் தம் மாந்தனைத் திரும்பவும் ஆராய்ந்தார் எனக் கொள்ள இடந் தருகின்றது.

‘முன்னோடிகள்’ ஒரு மானின் சாவில் தொடங்கி, மற்றொரு மானின் சாவினால் திருப்பம் பெறுகின்றது. முதல் மானை வீழ்த்தியது துப்பாக்கி. இரண்டாம் மானைக் கொன்றது கத்தி. இவ்வேறுபாடு தற்செயலாக அமைந்ததா, கருத்தொடு வைக்கப்பெற்றதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இப்புதினம் பற்றி அறிஞர் கருத்துப் பலவாகும். ஹென்றி நாஷ் ஸ்மித் தம் ‘கன்னிநிலம்’ (1950) என்னும் நூலில் காட்டின் உரிமை வாழ்வுக்கும் ஊரின் சட்ட வாழ்வுக்கும் இடையே எழும் முரணே இதன் உயிர்நிலை என்றார். டி. எச். லாரன்ஸ் (1923) நாட்டியின் அமைதிக்கு அடியில் கொலைத்திறன் உறைந்து கிடத்தலைக் கண்டார். மார்க் ட்வெயின் (1895) கூப்பரின் கதைகளில் வரும் குறிபார்த்துச் சுடும் அருஞ்செயல்களை நடவாதவை என்று எள்ளி நகையாடினார். இவற்றுள் முதலிரு கருத்துகளும் ஆழமுடையன. மூன்றாவதும் முழுதும் தள்ளத்தக்கதன்று. ஆயினும், வேட்டுவன் கையில் இருக்கும் கருவியின் இயல்பினை உற்று நோக்கினால், இப்புதினத்தின் அமைப்பே தெளிவாகும் என்பது எம் துணிபு.

கருவியின் இயல்பு

கதை நிகழும் காலம் 1793-ஆம் ஆண்டின் இறுதியும் அதனை அடுத்த ஆண்டும் ஆகும். அக்காலத்து எல்லைப்புற வேட்டுவர்க்கு உற்ற துணையாக இருந்தது நீள்குழல் துப்பாக்கி. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள், தம் தாய்நாட்டுக் குறுங்குழல் துப்பாக்கியைக் காட்டு வாழ்வுக்கேற்ப நீட்டி இதனை ஆக்கினர். குழலின் நீளம் பெரும்பாலும் 40 அங்குலத்திற்கு மேற்பட்டது. குழலின் உட்சுவரில் திருகுசுழியாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே சுழன்று வெளிப்படும் குண்டு நெறி பிறழாது நெடுந்தொலைவு செல்லும்.

இத்துப்பாக்கிக்குக் குழலின் வாய்வழியாகவே மருந்திடல் வேண்டும். கொம்பில் அடைத்த வெடிமருந்தை அளந்து குழலில் இட்டு, கொழுப்புத் தடவிய துணித்துண்டின்மேல் ஈயக்குண்டினை வைத்து, நீண்ட கோலினால் அடிமட்டும் இடித்து இறக்குவர். பின் பக்கத்துள்ள சிறு கிண்ணத்தில் நுண்மருந்து தூவி, சக்கிமுக்கிக் கல் பூட்டிய சுத்தியலைப் பின்னிழுப்பர். விசையை அழுத்தியவழிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி சிந்தும்; பொறி கிண்ணத்து மருந்தைப் பற்றும்; அத்தீ சிறு துளைவழிப் புகுந்து உள்மருந்தை வெடிக்கச் செய்யும். பழகிய கையர்க்கும் இவ்வளவும் செய்து முடிக்க அரை நிமிடமேனும் செல்லும். மழையில் நனைந்தால் மருந்து பயன்படாது. கிண்ணத்து மருந்து மட்டும் எரிந்து உள்மருந்து பற்றாது ஒழிதலும் உண்டு.

இவ்வியல்பிலிருந்து வேட்டுவனுக்கு மூன்று கடப்பாடுகள் பிறக்கின்றன. ஒருமுறைக்கு ஒரு குண்டே உண்டு ஆதலின், உறுதிப்படும் வரை அவன் காத்திருத்தல் வேண்டும். குறி தவறின் மான் மறைந்துவிடும் ஆதலின், அணுகிச் செல்லும் பொறுமை வேண்டும். ஒரு குண்டு ஒரு புண்ணையே செய்யும் ஆதலின், அப்புண் எவனுடையது என்பது வெளிப்படை. தான் செய்ததை அவன் மறுத்தல் இயலாது. பொறுமை, நெருக்கம், பொறுப்பு என்னும் இம்மூன்றும் நாட்டியின் குணங்களாகப் போற்றப்படுகின்றன. அவை அவனுடைய துப்பாக்கியின் குணங்களாகவும் இருத்தல் நினையத்தக்கது.

இனி, நீதிபதி மார்மடூக் டெம்பிளின் துப்பாக்கி வேறு வகையினது. அதுவும் வாய்வழி மருந்திடுவதே, ஆயின் வரிப்பள்ளம் இல்லாதது, பறவை சுடுதற்குரியது, இருமுறை சுடவல்லது. அதனுள் ஒற்றைக் குண்டு இல்லை. பல ரவைகள் உள்ளன. அவை வெளிப்பட்டதும் சிதறிப் பரவும். எது எங்குச் சென்று தைக்கும் என்பதைச் சுட்டவனும் அறியான். எனவே, இப்புதினத்துள் நேர் நிற்பவை ஒற்றைக் குண்டும் சிதறு ரவையுமே. பழங்கருவி, புதுக்கருவி என்னும் வேறுபாடு ஈண்டு இல்லை.

முதற்காட்சி: ஐந்தாம் ரவை

கிறித்துமஸ் நாளுக்கு முன்னாள் மாலை, பனி மூடிய மலைவழியில் நீதிபதி தம் மகள் எலிசபெத்துடன் பனிவண்டியில் வருகின்றார். நாய்க்குரல் கேட்டு வண்டியை நிறுத்துகின்றார். கலைமான் ஒன்று குறுக்கே பாய்கின்றது. நீதிபதி இருமுறை சுடுகின்றார், மான் நிற்கவில்லை. அப்பால் காட்டினுள்ளிருந்து வேறு வெடியொலிகள் எழுகின்றன, மான் வீழ்கின்றது. நாட்டியும் ஆலிவர் எட்வர்ட்ஸ் என்னும் இளைஞனும் மரங்களுக்கிடையே இருந்து வெளிவருகின்றனர்.

மானின் உடலில் காணப்படும் புண்கள் இரண்டு: கழுத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. இரண்டனுள் ஒன்று தம்முடையதாகலாம் என்கின்றார் நீதிபதி. இறைச்சியை விலை கொடுத்துப் பெறவும் முன்வருகின்றார். ஆயினும் கொன்றவர் என்னும் பெயரே அவர் நாடுவது. அப்போது எட்வர்ட்ஸ் ரவைகளை எண்ணிக் காட்டுகின்றான். நீதிபதி சுட்டவற்றுள் நான்கு ரவைகள் அருகே நின்ற பைன் மரத்தில் தைத்துக் கிடக்கின்றன. ஐந்தாவது எங்கே என்னும் வினாவிற்கு, இளைஞன் தன் மேலாடையை விலக்கிக் குருதி ஒழுகும் தோளைக் காட்டுகின்றான்.

இக்காட்சி, கதையைத் தொடங்கி வைக்கும் விறுவிறுப்பான நிகழ்ச்சி என்ற அளவில் அமைந்துவிடவில்லை. மானை நோக்கி விடுத்த ரவை, மரத்தின் பின் நின்ற மனிதனைத் தைக்கின்றது. சுட்டவர் தீயவர் அல்லர். அறிந்து செய்தாரும் அல்லர். செய்தது அறிந்தபின் வருந்தி மருத்துவம் செய்விக்கின்றார். ஆயினும் புண் புண்ணே. நல்லெண்ணத்தோடு ஒன்றை நோக்கி விடுத்தது பிறிதொன்றைத் தைத்தல் என்னும் இவ்வமைப்பு நூல் முழுவதற்கும் வித்தாதலைப் பின்னர்க் காண்போம்.

தமிழ் அகப்பொருள் மரபு பயின்றார்க்கு இக்காட்சியில் ஒரு செய்தி புலப்படும். தான் எய்த அம்பொடு கலைமான் ஒன்று இவ்வழி வந்ததோ எனத் தலைவன் வினவும் ‘கலைமான் வினாதல்’ என்னும் துறை கோவை நூல்களில் உண்டு. அங்கு மானும் புண்ணும் தலைவியை அணுகுதற்குப் படைத்துக்கொண்ட சொற்களே. கூப்பரிடத்தோ புண் மெய். அது பட்டது இளைஞன் மேல். அப்புண்ணே அவனை எலிசபெத்தின் வண்டியில் ஏற்றுகின்றது. இஃது ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்ற கடன் அன்று. வேட்டைப்புண் காதலுக்கு வாயிலாதல் இரு மரபிலும் தனித்தனியே தோன்றிற்று என்னும் அளவில் அமைக.

இதே காட்சியில் நீதிபதி எட்வர்ட்ஸுக்குத் தம் காடுகளில் என்றும் மான் வேட்டையாடும் உரிமை வழங்குகின்றார். முன்னர் நாட்டிக்கும் அதனை வழங்கியிருப்பதாகச் சொல்கின்றார். நாட்டி இதனை ஏற்றானல்லன். நீதிபதி இம்மலைகளில் கால் வைக்குமுன்னரே தான் வேட்டையாடி வருவதாக விடையிறுக்கின்றான். வழங்கப்படுவது உரிமையா, பழகி வருவது உரிமையா என்னும் வழக்கு இங்கே தொடங்குகின்றது.

புறா வேட்டை

இளவேனிலில் வழிப்புறாக்கள் வானை மறைத்து வருகின்றன. ஊரார் அனைவரும் கையில் அகப்பட்ட கருவியோடு மலையேறுகின்றனர். சிறு பீரங்கி ஒன்றிலும் ரவை நிரப்பிச் சுடுகின்றனர். நிலமெங்கும் புறாக்கள் குவிகின்றன, பொறுக்குவார் இல்லை. நாட்டி வருகின்றான்; தனித்துப் பறந்த ஒரு புறாவை ஒற்றைக் குண்டால் வீழ்த்தி, உணவுக்கு அதுவே போதுமெனச் செல்கின்றான். பின் வரும் ஏரிக்காட்சியிலும் ஊரார் பெருவலை இழுத்துப் பல்லாயிரம் மீனைக் கரையில் கொட்ட, அவன் ஈட்டியால் ஒரு மீனையே எடுக்கின்றான்.

பீரங்கி, சிதறு ரவையின் பேருரு. இவ்விடத்து நீதிபதியின் நிலை நுட்பமானது. அவரும் அவ்வேட்டையில் மகிழ்ந்து கலந்துகொள்கின்றார். முடிவில் தரையில் துடிக்கும் பறவைகளைக் கண்டு மனம் கலங்குகின்றார். காடு அழிதலையும் மீன் வீணாதலையும் மான் குறைதலையும் எண்ணிக் கவலுபவர் ஊரில் அவர் ஒருவரே. அக்கவலையே அவரைச் சட்டத்தின்பால் செலுத்துகின்றது. நீதிபதிக்கு வடிவு தந்தவர் கூப்பரின் தந்தையார் வில்லியம் கூப்பர் என்பர். ஆட்சிகோ ஏரிக்கரையில் கூப்பர்ஸ்டவுன் ஊரை நிறுவியவரும் நீதிபதியாக இருந்தவரும் அவரே. மகன் தந்தையை இகழவும் இல்லை, முழுதும் ஏற்கவும் இல்லை. இந்நடுநிலையே புதினத்திற்கு வலிமை தருகின்றது.

ஊரார் கண்ணுக்குப் புறாக்கள் அளவிறந்தன. வரலாறு காட்டுவது வேறு. அவ்வழிப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையில் இறந்தது. 1823-இல் எழுதிய நூலுக்கு இஃது ஒரு கொடிய உரையாக அமைந்துவிட்டது.

ஏரியில் வீழ்ந்த மான்

இனிக் கட்டுரையின் வினாவிற்கு வருவோம். மான் வேட்டை தடை செய்யப்பட்ட கோடைக் காலம். நாட்டியும் எட்வர்ட்ஸும் முதிய இந்தியத் தலைவன் சிங்காச்குக்கும் ஏரியில் இருக்கின்றனர். கட்டி வைத்த நாய்களின் வாரினை டூலிட்டில் என்னும் சூழ்ச்சிக்காரன் அறுத்து விட்டிருக்கின்றான். நாய்கள் துரத்திய மான் ஏரியில் பாய்ந்து நீந்தி வருகின்றது. எட்வர்ட்ஸ் சட்டத்தை நினைவூட்டித் தடுக்கின்றான். நாட்டியின் செவியில் அஃது ஏறவில்லை. பழைய வேட்டை வெறி அவனைப் பற்றுகின்றது. தடுத்த இளைஞனும் அதில் ஈர்க்கப்படுகின்றான். படகு மானை ஒட்டுகின்றது. நாட்டி குனிந்து அதன் கழுத்தில் கத்தியைச் செலுத்துகின்றான்.

வகுப்பில் இப்புதினத்தைப் பயிலும் மாணவர் பலர் நாட்டியைக் குற்றமற்றவனாகவே கொள்வர்; சூழ்ச்சி செய்தவன் டூலிட்டில் அன்றோ என்பர். நாய்களை அவிழ்த்தது சூழ்ச்சியே, ஐயமில்லை. ஆயின் கத்தியை எடுத்தது யார்? புறாவேட்டையில் ஒன்று போதும் என்றவனுக்கு அன்று அந்த மான் இன்றியமையாததாக இருந்ததா? இருந்ததாக ஆசிரியர் காட்டவில்லை. தேவையினால் கொல்லுதல் என்னும் அவனது அறம் இங்கே நழுவுகின்றது.

அவ்வறம் நழுவும் நொடியில் மானைக் கொல்வது துப்பாக்கி அன்று என்பதே கருதத்தக்கது. மருந்தளந்து, குண்டிடித்து, அணுகிக் காத்திருக்கும் அவ்விடைவெளி நீரில் இல்லை. மான் கைக்கெட்டும் தொலைவில் நீந்துகின்றது, தப்ப வழியில்லை, கத்திக்கு மருந்து வேண்டா, குறியும் வேண்டா. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே நின்ற தடை அகன்றவழி, ஐம்பது ஆண்டுப் பழக்கமும் அவனைக் காவாது போயிற்று. நாட்டியின் அடக்கத்தில் ஒரு பகுதி அவனுடையது. ஒரு பகுதி அவன் துப்பாக்கியினுடையது. இதனைக் காட்டுதற்கே கூப்பர் இரண்டாம் மானைக் கத்திக்கு இரையாக்கினார் என்பது எம் கருத்து.

ஒரு தடையும் அதற்கு விடையும்

அற்றேல், அடக்கம் முழுவதும் கருவியின்பாற்பட்டதோ எனின், அன்று. ‘மான்கொல்லி’ இதற்கு விடை தருகின்றது. அந்நூலின் தொடக்கத்தில் ஹரி மார்ச் என்பான் ஏரிக்கரையில் தோன்றிய மானைக் கண்டவுடன் சுட்டுத் தவறவிடுகின்றான்; தேவையின்றிச் சுட்டமைக்கு இளைஞனான நாட்டி அவனைக் கடிகின்றான். இருவர் கையிலும் இருப்பது துப்பாக்கியே. ஒருவன் காக்கின்றான், ஒருவன் காவான். ஆதலின் கருவி மட்டும் மனிதனை அடக்கிவிடாது.

அதே நூலின் பிற்பகுதியில் நாட்டிக்குக் ‘கில்டியர்’ என்னும் பெயர்பெற்ற சிறந்த துப்பாக்கி பரிசாகக் கிடைக்கின்றது. அதன் திறத்தை ஆய்ந்து பார்க்கும் போட்டியில், உயரப் பறந்த கழுகினை அவன் சுட்டு வீழ்த்துகின்றான். அதனால் அவனுக்கு உணவுமில்லை, பயனுமில்லை. பறவை வீழ்ந்தபின் அவன் தன் செயலுக்கு நாணி வருந்துகின்றான். இங்கே குண்டு ஒன்றே, குறியும் தவறவில்லை. ஆனால் கருவியின் சிறப்பே ஆசையாகி அவனைத் தூண்டிற்று. கத்தி எளிமையால் கெடுத்தது. கில்டியர் திறத்தால் கெடுத்தது. கருவி பழக்கத்திற்குத் துணை நிற்கும். பழக்கத்திற்கு ஈடாக நில்லாது. பதினெட்டு ஆண்டு இடைவெளியில் எழுதிய இரு நூலிலும் தம் தலைவனை ஒருமுறையேனும் தவறச் செய்த ஆசிரியரை, நாட்டியைத் தெய்வமாக்கினார் என்று கூறுதல் பொருந்தாது.

சட்டம் தைத்த இடம்

மானைக் கொன்ற குற்றத்திற்குச் சட்டம் விதித்தது பணத்தண்டமே. அதே நாளில் நாட்டி தன் துப்பாக்கியால் சிறுத்தை ஒன்றைச் சுட்டு எலிசபெத்தின் உயிரைக் காக்கின்றான். அவ்விலங்கைக் கொன்றதற்கு அரசு தரும் பரிசுப் பணமும் அவனுக்கு உரியதாகின்றது. வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம். டூலிட்டிலுக்கு வேண்டியது மான் அன்று. நாட்டியின் குடிலுள் வெள்ளிச் சுரங்கத்தின் மறை இருப்பதாக அவன் எண்ணுகின்றான். மானைச் சாக்காக்கித் தேடுதல் ஆணை பெற்று வருகின்றான். நாட்டி துப்பாக்கி நீட்டி அவர்களைத் தடுக்கின்றான். விளைவு: நீதிமன்றம், ஒருமணி நேரம் மக்கள் காணத் தொழுவில் கால் பூட்டப்படுதல், ஒரு திங்கள் சிறை, நூறு டாலர் தண்டம். தீர்ப்பு வழங்குபவர் டெம்பிள்; தண்டனை பெறுபவன் அவர் மகளைக் காத்தவன்.

முதற்காட்சி இங்கே மீண்டும் நிகழ்கின்றது. நீதிபதி சட்டம் வேண்டியது காட்டை அழிப்பாரை நோக்கி. வலைகொண்டு வாருவாரையும் பீரங்கி கொண்டு சுடுவாரையும் நோக்கி. அது சென்று தைத்ததோ ஊரில் ஒன்றே கொன்று ஒன்றே உண்பவனை. அன்று பைன் மரத்தின் பின் நின்ற இளைஞன் தோளில் பட்ட ஐந்தாம் ரவையே இன்று நாட்டியின் மேற்பட்டது. சட்டம் சிதறு ரவை போன்றது, பொதுவில் விடப்படுவது, இன்னானை என்று குறியாதது. நாட்டியின் வழக்கமோ ஒற்றைக் குண்டு போன்றது; குறி தப்பாதது; ஆயின் அவன் ஒருவன் கையில் மட்டும் உள்ளது. அவனுக்குப் பின் அது நில்லாது. ஏரியில் அவனிடமே ஒரு நொடி நிற்கவில்லை. ஊர் வாழ்வதற்கு முன்னது வேண்டும். அறம் பிழையாமைக்குப் பின்னது வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கும் வழி கூப்பருக்குப் புலப்படவில்லை. ஆதலின் நாட்டி ஊரை விட்டு மேற்றிசைக் காட்டிற்குச் செல்வதோடு நூல் முடிகின்றது. அது தீர்வன்று, தீர்வின்மையை மறையாது ஒப்பிய முடிவு.

முடிவுரை

புதினத்தில் பிரிந்து சென்ற இரண்டும் பிற்கால வாழ்வில் ஒருவாறு கூடிய வரலாறு ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடர்வெடித் துப்பாக்கியும் இறைச்சி வாணிகமும் பெருக, அமெரிக்கக் காடுகளில் வெண்வால் மான் பல இடங்களில் அருகிற்று. பின்னர் வேட்டைச் சட்டங்கள் வலுப்பெற, மான் இனம் மீண்டது. அதன்பின் பல மாநிலங்கள் வாய்வழித் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவங்கள் வகுத்தன. நாட்டியின் நீள்துப்பாக்கி பிறந்த பென்சில்வேனியாவில் 1974-இல் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும் உரிய மான் வேட்டைப் பருவம் தொடங்கிற்று. இன்று அது கிறித்துமஸை அடுத்து நிகழ்கின்றது. ‘முன்னோடிகள்’ தொடங்கும் நாளுக்குச் சில நாளே பின்னர்.

இதன் பொருள் எளியது. நீதிபதி வேண்டிய பருவ வரையறையும் நாட்டி போற்றிய ஒற்றைக் குண்டும் ஒரே சட்டத்துள் அடங்கின. எப்போது கொல்லலாம் என்பதோடு, எத்துணைத் தடையோடு கொல்லலாம் என்பதையும் சட்டம் கூறத் தலைப்பட்டது. ஆயினும் வழக்கு முற்றும் தீர்ந்ததெனல் ஆகாது. 1980-களிலிருந்து, வாய்வழி மருந்திடுவதாகவே இருந்தும் மழைக்கு அஞ்சாது, தொலைநோக்கி பூட்டி, நெடுந்தொலைவு சுடவல்ல புதுத் துப்பாக்கிகள் பரவின. சில பருவங்களில் அவற்றிற்கும் இடம் உண்டு. சட்டத்தின் சொல் காக்கப்படுகின்றது. பொறுமையும் நெருக்கமும் அதனுள் எஞ்சியுள்ளனவா என்பது வேறு வினா. கில்டியரைக் கையிலேந்திக் கழுகின்முன் நின்ற இளைஞனை நினைவார்க்கு அவ்வினா புதிதன்று.

முதல் மான் துப்பாக்கியாலும் இரண்டாம் மான் கத்தியாலும் மடிந்தது தற்செயல் அன்று என்பதும், முதற்காட்சியின் ஐந்தாம் ரவையே நூலின் சட்டச் சிக்கலுக்கு உருவகமாக நிற்கின்றது என்பதும் இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். நாட்டியைக் குற்றமற்றவனாக்கிப் படித்தல் அவனைச் சிறுமைப்படுத்துவதாகும். தவறக்கூடியவன் ஒருவன் எழுபது ஆண்டளவும் பெரும்பாலும் தவறாது வாழ்ந்தான் என்பதே அவன் பெருமை.